நூலுரிமைத் துறவு

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், சிகாநாதசுவாமி கோயிலை அடுத்த பாறையின்மீது ஓர் இசைக் கல்வெட்டு உண்டு. அது கி.பி. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். ஏழு பகுதிகளாக வகுத்துச் சுரவரிசைகளைப் பொறித்துள்ள அக்கல்வெட்டின் இறுதியில், உருத்திராசாரியர் என்னும் ஆசிரியரிடம் பயின்ற அரசன் ஒருவன் மாணாக்கரின் நன்மை கருதி இதனைச் செய்தான் என்ற குறிப்புக் காணப்படுகிறது. அவ்வரசன் மகேந்திரவர்மனோ பிறனோ என்பதில் அறிஞர்கள் தம்முள் மாறுபடுவர். ஈண்டு நமக்கு வேண்டுவது அவ்வாராய்ச்சி அன்று. அருமையாகக் கற்ற வித்தையை ஓலைச்சுவடியில் எழுதிப் பேழையில் பூட்டி வையாமல், வழியே போவோரும் வருவோரும் கண்டு கற்கும்படி வெளிப்பாறையில் வெட்டுவித்த அவ்வுள்ளமே நாம் கருதத்தக்கது. ஆக்கியோன் தன் ஆக்கத்தை உலகினர்க்கு உரிமையாக்கும் செயலுக்கு நம் மாவட்டத்திலேயே உள்ள பழஞ்சான்று அப்பாறை.

அச்சு இயந்திரமும், இசைத்தட்டும், திரைப்படமும், இணையமும் தோன்றிய இக்காலத்தில் அத்தகைய கொடை சட்டத்தோடு பிணைந்துவிட்டது. பாறையில் வெட்டினால் மட்டும் போதாது. ‘இதனை எடுத்தாளுக’ என்று முறைப்படி சொல்லவும் வேண்டும். இவ்வாறு சொல்லுதலையே நூலுரிமைத் துறவு என்று இக்கட்டுரையில் குறிக்கின்றோம். அதன் இயல்பும் முறையும் பயனும் இடரும் யாவை என்பதை ஒருவாறு ஆராய்வோம்.

நூலுரிமை யாது?

ஒருவன் ஒரு பாட்டையோ, கதையையோ, ஓவியத்தையோ, இசையையோ ஆக்கினால், அதனைப் படியெடுக்கவும், வெளியிடவும், மேடையில் நடத்தவும், மொழிபெயர்க்கவும், வேறு வடிவில் அமைக்கவும் அவனுக்கே உரிமை உண்டு. பிறர் அவனது இசைவு பெற்றே அவற்றைச் செய்யலாம். இதுவே பதிப்புரிமை எனப்படுவது. இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1710 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் இவ்வுரிமைக்கு முன்னோடி. நம் நாட்டில் இப்போது வழங்குவது 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். இச்சட்டப்படி இவ்வுரிமையைப் பெறுவதற்கு எங்கும் சென்று பதிவு செய்ய வேண்டுவதில்லை. எழுதி முடித்த அக்கணமே அது எழுதினவனைச் சார்கிறது. மாணவன் ஒருவன் விடுதி அறையில் இருந்து எழுதிய பாட்டும் இவ்வுரிமைக்கு உட்பட்டதே.

இவ்வுரிமை சொற்களுக்கும் வடிவத்துக்குமே உரியது, கருத்துக்கு உரியதன்று. ஏழை உழவன் ஒருவன் கடனால் நிலமிழந்த கதையை எவரும் எழுதலாம். ஒருவர் எழுதிய சொற்களை மற்றொருவர் அவ்வாறே எடுத்தெழுதுதல் கூடாது. நன்னூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினார். பிறர் நூலை அடியொற்றிப் புதுநூல் செய்யும் வழக்கை நம் முன்னோர் மறைக்கவில்லை. அதற்கு ஒரு பெயரும் இலக்கணமும் வகுத்தனர். இக்காலச் சட்டமோ, உரிமை நிலவும் நூலுக்கு வழிநூல் செய்ய விரும்புவோன் முதல்நூல் உடையவனது இசைவைப் பெறுக என்று விதிக்கிறது. இதுவே பழைய நிலைக்கும் புதிய நிலைக்கும் உள்ள பெரிய வேறுபாடு.

எத்துணைக் காலம்?

இவ்வுரிமை என்றும் நிலைப்பதன்று. ஆசிரியனது வாழ்நாள் முழுவதும், அவன் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளும் அது நிலவும். அதன்பின் நூல் பொதுச்சொத்தாகிறது. முதலில் 50 ஆண்டுகள் என்றிருந்த எல்லை 1992 ஆம் ஆண்டில் 60 ஆக உயர்த்தப்பட்டது. 1941 இல் மறைந்த இரவீந்திரநாத தாகூரின் நூல்கள் 1991 ஆம் ஆண்டின் முடிவில் பொதுவாக வேண்டியிருந்தன; இத்திருத்தத்தால் மேலும் பத்தாண்டுகள் காத்திருந்து 2002 இல் பொதுவாயின.

நம் மாவட்டத்தாரை வைத்தே இக்கணக்கைப் பார்க்கலாம். திருமயத்தில் 1887 இல் பிறந்த எஸ். சத்தியமூர்த்தி 1943 இல் மறைந்தார். ஆதலின் அவருடைய எழுத்துக்களின் உரிமைக்காலம் 2003 ஆம் ஆண்டோடு முடிவுற்றது. பெருங்களூரில் 1922 இல் பிறந்து, ‘சித்திரப்பாவை’ நாவலுக்காக 1975 ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசைப் பெற்ற அகிலன் 1988 இல் மறைந்தார். உரியவர்கள் வேறு ஏற்பாடு செய்யாவிடில் அவருடைய நூல்களின் உரிமை 2048 ஆம் ஆண்டின் இறுதிவரை நிலவும். இன்று இருபது வயதுடைய மாணவர் ஒருவர் ஒரு நூல் எழுதி எண்பது வயது வரை வாழ்வாராயின், அந்நூல் பொதுவாவதற்கு இன்றிலிருந்து 120 ஆண்டுகள் செல்லும். அவருடைய பேரப்பிள்ளைகளும் முதியோராகிவிடுவர். அந்நூலை அக்காலம்வரை எவர் காப்பர், எவர் அச்சிடுவர் என்பது யோசிக்கத்தக்கது.

பாரதியார் நூல்களின் வரலாறு

இவ்விஷயத்தில் தமிழ்நாடு கண்ட அனுபவம் பிற நாட்டினர்க்கும் பாடமாகத்தக்கது. 1920 ஆம் ஆண்டில் சுப்பிரமணிய பாரதியார் தம் நூல்கள் அனைத்தையும் 40 தொகுதிகளாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதிகள் அச்சிட எண்ணி, நண்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன்னரே 1921 செப்டம்பரில் அவர் காலமானார். அவர் மனைவியார் செல்லம்மாள் முதலில் தாமே நூல்களை வெளியிட முயன்றார். பின்னர்ப் பாரதி பிரசுராலயத்தார் அப்பணியை மேற்கொண்டனர். 1931 இல், கடனும் குடும்ப நெருக்கடியும் மிக்க நிலையில், செல்லம்மாள் பதிப்புரிமையை 4,000 ரூபாய்க்கு அப்பிரசுராலயத்தாருக்கு விற்றுவிட்டார்.

இதற்கிடையே 1928 இல் சென்னை அரசாங்கத்தார் பாரதியாரின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தனர். அச்செயலைச் சட்டசபையில் கண்டித்து வாதாடியவருள் முதன்மையானவர் மேலே கூறிய திருமயம் சத்தியமூர்த்தியே. அவருடைய போராட்டம் அரசாங்கத்தின் தடையை எதிர்த்தது. ஆனால் பாட்டுக்குத் தடை அரசாங்கத்தாரிடமிருந்து மட்டுமே வருவதன்று. உடைமை என்ற பெயராலும் வரலாம் என்பது பின்னர்ப் புலனாயிற்று.

இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பாரதியார் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை, அச்சுரிமையினின்று பிரிந்து, 1934 இல் ஜேசிங்லால் மேத்தா என்னும் சென்னை வணிகரின் கைக்குச் சென்றது. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்ப செட்டியார் அதனை விலைக்குப் பெற்றார். 1947 இல் அவர் வெளியிட்ட ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் நாடெங்கும் பரவின. மறு ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடல் ஒன்று இடம்பெற்றபோது, உரிமை யாருடையது என்ற வழக்கு எழுந்தது. தேசத்தின் விடுதலையைப் பாடிய கவியின் பாடலைப் பாடுவதற்கு ஒரு தனிமனிதரின் அனுமதி வேண்டுமா என்று மக்கள் கேட்கலாயினர். வ.ரா.வைத் தலைவராகக் கொண்டு பாரதி விடுதலைக் கழகம் தோன்றியது. எழுத்தாளர்களும், நாடகக் கலைஞர்களும், ப. ஜீவானந்தம் போன்ற அரசியல்வாதிகளும் இக்கிளர்ச்சியில் ஒன்றுபட்டனர்.

ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமர். மெய்யப்ப செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை யாதொரு பொருளும் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பாரதியாரின் குடும்பத்தினர்க்கும் அச்சுரிமை உடையார்க்கும் அரசாங்கம் பணம் அளித்தது. 1949 மார்ச்சில் கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் இம்முடிவைச் சட்டசபையில் அறிவித்தார். பின்னர் 1950 களின் நடுப்பகுதியில், எவரும் பாரதியார் நூல்களைப் பதிப்பிக்கலாம் என்ற நிலை உண்டாயிற்று. இவ்வாறு நிகழாதிருப்பின், அக்காலச் சட்டத்தின் 50 ஆண்டுக் கணக்குப்படி 1972 ஆம் ஆண்டுவரை நாடு காத்திருந்திருக்கும்.

இதன் பயனை முதலில் மக்களிடம் கொண்டு சேர்த்தவருள் ஒருவர் நம் மாவட்டத்தவர். இராயவரத்தில் 1912 இல் பிறந்த சக்தி வை. கோவிந்தன் 1939 இல் ‘சக்தி’ இதழைத் தொடங்கியவர். நல்ல தாள், நல்ல அச்சு, நல்ல கட்டடம் என்பனவற்றில் தமிழ்ப் பதிப்புலகிற்கு வழிகாட்டியவர். அவர் 1957 இல் ‘பாரதியார் கவிதைகள்’ முழுவதையும் ஒன்றரை ரூபாய் விலையில் வெளியிட்டார். நாற்பது தொகுதிகளைப் பதினாயிரம் பதினாயிரமாக அச்சிட விரும்பிய கவிஞரின் ஆசை, அவர் மறைந்து 36 ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறு ஒரு பகுதி நிறைவேறியது. உரிமை ஒருவரிடமே தங்கியிருந்தால் இம்மலிவுப் பதிப்பு அவருடைய மனத்தைப் பொறுத்ததாயிருக்கும். உரிமை பொதுவானபின் அது எந்தப் பதிப்பாளரது ஊக்கத்தையும் பொறுத்ததாயிற்று.

தாமே துறந்தோர்

பாரதியார் நூல்களின் உரிமையை அரசாங்கம் விலைக்குப் பெற்று மக்களுக்களித்தது. ஆசிரியர் தாமே தம் உரிமையை விடுத்தல் வேறொரு வகை. ரஷ்ய நாட்டுப் பேராசிரியர் தால்ஸ்தோய் 1891 இல் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் விடுத்து, 1881 முதல் தாம் எழுதி வெளியிட்டவற்றை எவரும் எந்நாட்டிலும் எம்மொழியிலும் பணம் கொடாமல் வெளியிடலாம் என்று அறிவித்தார். அச்செயல் அவருடைய வீட்டில் அமைதியை விளைவிக்கவில்லை. பெருங்குடும்பத்தைப் பேணி, அவருடைய நூல்களை அச்சிட்டு விற்று வந்த மனைவியார் சோபியாவுக்கு அத்துறவு பெருந்துயராக இருந்தது. மேலும், 1899 இல் ‘புத்துயிர்ப்பு’ நாவல் வெளிவந்தபோது, மதக்கொள்கை காரணமாகத் துன்புறுத்தப்பட்ட துகொபோர் மக்கள் கனடாவிற் குடியேறப் பொருள் வேண்டி, அந்நாவலை மட்டும் அவர் விலைக்குக் கொடுத்தார். துறந்தவரும் பிறர் துயர் கண்டு அவ்வுரிமையைக் கருவியாகக் கொள்ள நேர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

தால்ஸ்தோயிடம் பெருமதிப்புக் கொண்ட காந்தியடிகள், 1910 இல் தென்னாப்பிரிக்காவில் வெளியிட்ட ‘இந்திய சுயராஜ்யம்’ ஆங்கிலப் பதிப்பில், எவ்வுரிமையும் ஒதுக்கப்படவில்லை என்று அச்சிட்டிருந்தார். ஆயினும் பிற்காலத்தில், 1940 இல் எழுதிய உயிலில், தம் எழுத்துக்களின் உரிமையை நவஜீவன் அறநிலையத்துக்கு அளித்தார். 2008 ஆம் ஆண்டின் இறுதியில் சட்டப்படியான காலம் முடிந்தபோது அந்நிலையத்தார் நீட்டிப்புக் கேளாது விட்டுவிட்டனர். 2009 ஜனவரி முதல் அவை பொதுவாயின. எல்லாவற்றையும் உடனே விடுத்தலும், ஓர் அறநிலையத்தின் கையில் ஒப்படைத்து முறையாகப் பரப்புதலும் ஆகிய இரு வழிகளையும் ஒருவரே கைக்கொண்டார் என்பது இதனால் விளங்கும்.

தமிழ்நாட்டில் பாரதியாருக்குப் பின் நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் உரியவர்க்கு ஒரு தொகை வழங்கியே இது நிகழ்கிறது. 2024 இல் மு. கருணாநிதியின் நூல்கள், நூலுரிமைத் தொகை இன்றியே நாட்டுடைமையாயின. வேறு சிலருடைய வாரிசுகள் அரசாங்கத்தின் அழைப்பை ஏலாமல் மறுத்ததும் உண்டு. மறுத்தவரை நாம் குறைகூறுதல் தகாது. தந்தையின் நூலே சிலருக்குக் குடும்ப வருவாய். சிலருக்கு அதைப் பிழையின்றிக் காக்கும் பொறுப்பு.

சட்டம் காட்டும் வழி

ஆசிரியர் ஒருவர் தம் உரிமையைத் துறக்க விரும்பினால் அதற்கு வழி யாது? 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு அதனைக் கூறுகிறது. பதிப்புரிமைப் பதிவாளருக்குக் குறித்த படிவத்தில் அறிவிப்பு விடுக்கலாம். அல்லது, 2012 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொது அறிவிப்பு வாயிலாகவும் துறக்கலாம். பதிவாளர் அவ்வறிவிப்பை அரசிதழில் வெளியிடுவார். அதன்பின் 14 நாட்களுக்குள் அலுவலகத்தின் இணையதளத்தில் இட்டு, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் அங்கே வைத்திருப்பார். உரிமை முழுவதையும் துறக்கலாம். அல்லது அதனுள் அடங்கிய சிலவற்றை மட்டும், எடுத்துக்காட்டாக மொழிபெயர்ப்புரிமையை மட்டும், துறக்கலாம்.

இங்கே நான்கு செய்திகளைத் தெளிவாக உணர்தல் வேண்டும்.

முதலாவது: துறக்கும் நாளில் வேறொருவருக்கு ஏற்கெனவே இருக்கும் உரிமை துறவினால் பாதிக்கப்படாது. பத்தாண்டுக்கு ஒரு பதிப்பாளருக்கு உரிமை எழுதிக் கொடுத்துவிட்டவர், அவ்வுடன்படிக்கையைத் துறவினால் அழிக்க முடியாது.

இரண்டாவது: உரிமையைத் துறத்தல் பெயரைத் துறத்தல் ஆகாது. நூலாசிரியன் தானே என்று கூறிக்கொள்ளும் உரிமையும், தன் புகழுக்குக் கேடு விளையும்படி நூலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமையும் 57 ஆம் பிரிவின்படி தனியே நிற்பன. அவை பொருளுரிமையைச் சார்ந்தவை அல்ல. ‘என் பாட்டை எவரும் பாடலாம்’ என்று சொன்னவர், ‘என் பாட்டை உன் பாட்டென்று சொல்லலாம்’ என்று சொன்னவர் ஆகார்.

மூன்றாவது: பொதுவான நூலை இலவசமாகவே தருதல் வேண்டும் என்பதில்லை. எவரும் அச்சிட்டு விலை வைத்து விற்கலாம். ஆனால் மற்றவர் விற்பதைத் தடுத்தல் இயலாது. போட்டியே விலையைத் தாழ்த்தும்.

நான்காவது: மூலம் பொதுவாயினும் அதன்மேல் எழுந்த புதிய ஆக்கம் தனியுரிமை உடையது. திருக்குறள் எல்லார்க்கும் பொது. நேற்று எழுதப்பட்ட உரை அதன் உரையாசிரியருடையது. தாயார் பாடும் தாலாட்டுக்கு உடையவர் இலர். அதனை நிலையத்தில் பதிவு செய்தவரின் ஒலிப்பதிவுக்கு உடையவர் உண்டு. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒலிநாடாவைப் படியெடுத்துவிட்டு, ‘நாட்டுப்பாடல்தானே’ என்று சொல்லுதல் செல்லாது.

இடைவழி ஒன்று

முழுவதும் வைத்துக்கொள்ளுதல், முழுவதும் துறத்தல் என்னும் இரண்டுக்கும் இடையே ஒரு வழியும் உண்டு. 2001 இல் அமெரிக்காவில் தோன்றிய கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு, ஆசிரியர் எவரும் எளிதில் பயன்படுத்தத்தக்க அனுமதிப் பத்திரங்களை 2002 முதல் வெளியிட்டு வருகிறது. பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை. என் நூலினின்று நீ ஆக்கும் வழிநூலையும் இதே நிபந்தனையில் வெளியிடுக என்பது மற்றொரு வகை. வாணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது, மாற்றலாகாது என்று வரம்பு கட்டும் வகைகளும் உள. 2009 இல் வெளிவந்த ‘சுழியம்’ என்னும் பத்திரம், அந்தந்த நாட்டுச் சட்டம் இடந்தரும் அளவுக்கு எல்லா உரிமையையும் விடுத்தற்கு உரியது. இவற்றுள் எதனைக் கொண்டாலும், நூலின் முகப்பில் ஒரு வரி எழுதினால் போதும். படிப்பவர் ஆசிரியரைத் தேடிச்சென்று இசைவு கேட்க வேண்டுவதில்லை.

தமிழில் இத்தகைய கொடையால் விளைந்த பயன் கண்கூடு. 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல பகுதிகளிலுள்ள தமிழர்கள் ஊதியமின்றித் தட்டெழுதியும் பிழைதிருத்தியும் உதவ, பழைய நூல்களை மின்வடிவில் எல்லார்க்கும் அளித்தது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் விக்கிமூலமும் நாட்டுடைமை நூல்களை அவ்வாறே பரப்பி வருகின்றன. நூலகம் இல்லாத சிற்றூரிலுள்ள மாணவி ஒருத்தி இன்று கைப்பேசியில் திரு.வி.க.வையும் மறைமலையடிகளையும் வாசிக்க இயலுமாயின், அதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. அந்நூல்களுக்கு முன் பூட்டு இல்லை என்பதும் காரணம்.

பூட்டினால் வரும் கேட்டையும் நம் மாவட்டத்திலிருந்தே உணரலாம். திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா நூலகத்தில் அரிய முதற்பதிப்புகளும் பழைய இதழ்களும் பெருந்தொகையாகத் தொகுத்துக் காக்கப்படுகின்றன. இத்தகைய தொகுப்புகளில் உள்ள பழைய நூல்களுள் உரிமையாளர் இன்னாரென்று அறிய முடியாதன பல. ஆசிரியர் மறைந்தார், பதிப்பகம் மூடப்பட்டது, வாரிசுகள் எங்குளர் என்று தெரியவில்லை. கேட்டால் மகிழ்ந்து இசைவு தருவாரே எனினும், கேட்பதற்கு ஆளில்லை. தாள் பழுத்து உதிர்கிறது, உரிமைக்காலமோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் தம் வாழ்நாளில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்நூல் பிழைத்திருக்கும்.

ஆட்சேபங்கள்

எழுத்தே தொழிலாகக் கொண்டவன் உரிமையைத் துறந்தால் உண்பது எங்ஙனம் என்பது முதல் வினா. இது நேர்மையான வினா. செல்லம்மாள் உரிமையை விற்றது பேராசையினால் அன்று, வறுமையினால். சோபியா வருந்தியதும் தன் மக்களை எண்ணியே. தன் சோற்றைப் பிறர்க்கு இடுவோன் வள்ளல். மனைவி மக்களின் சோற்றை அவரைக் கேளாமல் எடுத்து இடுவோனை அங்ஙனம் கூறுதல் அரிது. ஆதலின் துறவு என்பது கட்டாயம் ஆகலாகாது. அது வசதியும் மனமும் ஒத்த இடத்தில் நிகழவேண்டும். வறிய எழுத்தாளரின் நூல் நாட்டுக்கு வேண்டுமாயின், நாடே அதன் விலையைக் கொடுத்தல் முறை. 1949 ஆம் ஆண்டின் சிறப்பு இதிலேதான் இருக்கிறது. மக்கள் பாட்டைப் பெற்றனர்; கவியின் குடும்பம் வெறுங்கையோடு நிற்கவில்லை; பொருளுடையவர் பொருள் கேளாமல் விட்டார். மூவர்க்கும் ஏற்ற வழி ஒன்று காணப்பட்டது.

பொதுவான நூலை எவரும் பிழைமலிய அச்சிடுவரே என்பது இரண்டாம் வினா. இதுவும் உண்மையே. எல்லார்க்கும் உரிய பொருளை எவரும் காவார் என்ற நிலை நூலுக்கும் வருவதுண்டு. ஆனால் பிழைப்பதிப்புக்கு மருந்து நல்ல பதிப்பே. பாரதியார் நூல்கள் பொதுவானமையாலேயே சீனி. விசுவநாதன் பல்லாண்டுகள் உழைத்து அவற்றைக் கால வரிசைப்படுத்தி 23 தொகுதிகளாகப் பதிப்பித்தார். 2024 டிசம்பரில் அத்தொகுப்புப் புதுதில்லியில் வெளியிடப்பட்டது. ஓர் ஆராய்ச்சியாளர் எவர் வாயிலிலும் நின்று இசைவு வேண்டாமல் இத்தகைய பணியைத் தொடங்கவும் முடிக்கவும் இயன்றது பொதுவுடைமையின் பயன்.

ஒருமுறை விடுத்ததை மீட்கலாமோ என்பது மூன்றாம் வினா. துறந்த உரிமையை மீட்டுக்கொள்ளுதற்குச் சட்டத்தில் வழி கூறப்படவில்லை. அனுமதிப் பத்திரம் கொடுத்தவரும், இனிக் கொடேன் என்று நிறுத்தலாமேயன்றி, முன்னர்ப் பெற்றவரிடமிருந்து பறித்தல் இயலாது. ஆகவே ஓர் ஆர்வத்தில் கையொப்பமிட்டுப் பின் வருந்துதல் கூடாது. விடுக்குமுன் ஓர் இரவு உறங்கி எழுந்து யோசிப்பது நன்று.

மாணவர்க்குச் சில சொற்கள்

நண்பர்களே, இவையெல்லாம் பேராசிரியர்க்கும் பெருங்கவிஞர்க்கும் உரியன என்று எண்ணற்க. இம்மலரில் வெளிவரும் உங்கள் கட்டுரையும் கவிதையும், நீங்கள் வேறுவகையில் எழுதிக் கொடுத்தாலன்றி, உங்களுடையனவே. கல்லூரி அவற்றை ஒருமுறை அச்சிட்டதனால் உங்கள் உரிமை நீங்கிவிடவில்லை. அந்தச் சிறு உடைமையை என் செய்வது என்று எண்ணிப் பார்த்தல் உங்கள் கடமை.

நூலால் பிழைக்க விரும்புவோர் உரிமையைக் காத்துக்கொள்க. அதில் குற்றம் இல்லை. உடன்படிக்கையில் கையொப்பமிடுமுன் எவ்வுரிமையை, எத்தனை ஆண்டுக்கு, எந்நாட்டுக்குக் கொடுக்கிறோம் என்று படித்துப் பார்க்க. அச்சுரிமையும் இசையுரிமையும் இருவேறு கைகளுக்குச் சென்றமையால் பாரதியார் பாடல்களுக்கு நேர்ந்த சிக்கலை நினைவிற் கொள்க. ஆனால் நாம் எழுதுவனவற்றுள் பெரும்பகுதி விற்பனைக்கு உரியதன்று. தேர்வுக்காகத் தொகுத்த குறிப்புகள், ஊர்ப்பெயர் ஆராய்ச்சி, பாட்டி சொல்லக் கேட்டு எழுதிய ஒப்பாரியும் நடவுப் பாட்டும், நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் எடுத்த நிழற்படங்கள் ஆகியவற்றைப் பூட்டி வைத்தால் நமக்கு ஒரு காசும் வரப்போவதில்லை. திறந்து விட்டால் பின்வரும் மாணவன் ஒருவன் அங்கிருந்து தொடங்குவான். பாட்டியின் பாட்டை வெளியிடுமுன் பாட்டியின் இசைவைக் கேட்டல் மட்டும் மறவற்க. சட்டம் வற்புறுத்தாவிடினும் மரியாதை வற்புறுத்தும்.

பழைய மாணவர்களுள் நூலாசிரியர் பலர் இருத்தல் கூடும். அவர்கள் தம் நூல்களுள் மறுபதிப்புக் காணாதன எவை என்று எண்ணிப் பார்த்து, அவற்றின் உரிமையை என் செய்யவேண்டும் என்பதை எழுத்தில் குறித்து வைப்பாராயின், பின்வருவோர் வழிதெரியாமல் திகைக்க நேராது. அதற்குப் பெருஞ்செலவு இல்லை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், துறக்கும் உரிமை இன்னது, தேதி, கையொப்பம் என்பன தெளிவாக இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். பின்னர் அதனைப் பொது அறிவிப்பாகவோ பதிவாளர் வாயிலாகவோ முறைப்படுத்திக் கொள்ளலாம்.

வறண்ட நிலமாகிய நம் புதுக்கோட்டைச் சீமையில் ஊருணியின் அருமையை எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுவதில்லை. பேரறிவுடையான் செல்வத்துக்கு வள்ளுவர் அவ்வூருணியையே உவமையாகக் கொண்டார். வீட்டுக் கிணறும் வேண்டும், ஊருணியும் வேண்டும். வீட்டுக் கிணற்றுக்கு வேலி இடுதல் தவறன்று. ஆனால் கிணறு வெட்டியவன் எல்லாம் வேலியே இட்டுச் சென்றால் ஊரில் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் இராது. தமிழ் மொழியின் ஊருணியில் நீர் நிறைந்திருப்பது, முன்னோர் பலர் தம் பங்கை அதில் விட்டுச் சென்றமையால். நம் பங்கு ஒரு குடமே ஆயினும், அதனை விடுவதா வைத்திருப்பதா என்பதை அறியாமையால் அன்றி, அறிந்து முடிவு செய்தல் கற்றோர்க்கு அழகு.